அழகுக்கு வளர்த்த மிளகாய்: விதைவழிப் பரவலும் வரலாற்றுச் சான்றுகளும்

முன்னுரை

மிளகாய் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது அடுக்களையே. அம்மியில் அரைபடுவதும் தாளிப்பில் பொரிவதும் ஊறுகாயில் ஊறுவதுமே அதன் வாழ்வு என நாம் கருதிப் பழகிவிட்டோம். ஆயினும் அச்செடிக்கு மற்றொரு வாழ்வும் உண்டு. அமெரிக்கக் கண்டத்தை விட்டு வெளியேறிய முதல் நூறாண்டுகளில், பல நாடுகளில் மிளகாய் வீட்டு முற்றத்திலும் பலகணியோரத்திலும் கண்ணுக்கு விருந்தாக வளர்க்கப்பட்ட தொட்டிச் செடியாக இருந்தது. ஊதா, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என ஒரே செடியில் பல நிறக் காய்களைத் தாங்கி நிற்கும் இன்றைய அழகு மிளகாய் வகைகள் அந்தப் பழைய மரபின் தொடர்ச்சியே எனலாம்.

இக்கட்டுரை மூன்று செய்திகளை ஆராய முற்படுகின்றது. முதலாவது, மிளகாய் அழகுச் செடியாக வளர்க்கப்பட்டமைக்கான 16ஆம் நூற்றாண்டுச் சான்றுகள். இரண்டாவது, தமிழிலும் அண்டை மொழிகளிலும் அதற்கு வழங்கும் பெயர்கள் உணர்த்தும் வரலாறு. மூன்றாவது, வீட்டில் விதையெடுத்து வைக்கும் வழக்கம் ஒரு மிளகாய் வகையை அழிவிலிருந்து காத்த நிகழ்வு. இவற்றை ஒருசேர நோக்கும்போது, மிளகாயை உலகெங்கும் பரப்பியதில் வணிகரின் பங்கைக் காட்டிலும், பெயர் தெரியாத வீட்டுத் தோட்டக்காரரின் பங்கே மிகுதி என்ற முடிவுக்கு நாம் வருகின்றோம்.

தாயகமும் செடியின் இயல்பும்

மிளகாய், கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. காப்சிகம் என்னும் மிளகாய்ப் பேரினத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருப்பினும், மனிதர் பயிராக்கியவை ஐந்தே. அவற்றுள் காப்சிகம் ஆனூம் என்னும் இனம் மெக்சிகோவில் பயிராக்கப்பட்டது. பெரும்பாலான அழகு மிளகாய் வகைகள் இந்த இனத்தைச் சார்ந்தவையே. எனவே அழகு மிளகாய் என்பது தனியோர் இனமன்று. கறிக்கு இடும் மிளகாயின் உடன்பிறப்பே ஆகும்.

காட்டு மிளகாயின் காய்கள் சிறியவை. வானத்தை நோக்கி நிமிர்ந்து நிற்பவை. பழுத்ததும் சிவந்து எளிதில் காம்பிலிருந்து கழன்று விடுபவை. இவ்வமைப்பு பறவைகளுக்கானது. மிளகாயின் காரத்திற்குக் காரணமான காப்சைசின் என்னும் வேதிப்பொருள் பாலூட்டிகளின் வாயை எரிக்கும். பறவைகளுக்கு அவ்வெரிச்சல் தோன்றுவதில்லை. பாலூட்டிகளின் குடலில் சிதையும் விதை, பறவையின் குடலைக் கடந்த பின்னும் முளைக்கும் திறனோடு இருக்கின்றது. இதனைத் தியூக்ஸ்பரி, நப்ஹான் ஆகிய ஆய்வாளர்கள் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினர்.

உழவர் பன்னெடுங்காலம் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் விளைவாகக் காய்கள் பெருத்தன, கனம் தாங்காமல் கீழ்நோக்கித் தொங்கின, இலைகளுக்கிடையே மறைந்தன. ஆனால் அழகுக்காக வளர்த்தோர் வேறு வகையில் தேர்ந்தெடுத்தனர். காய் இலைக்கு மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும். செடி குட்டையாக இருக்க வேண்டும். காய்கள் கொத்தாக அமைய வேண்டும் என்பனவே அவர்தம் எதிர்பார்ப்பு. இதனால், பறவையை ஈர்ப்பதற்காக அமைந்த பழைய காட்டு இயல்பு சமையல் மிளகாயில் பெரிதும் மறைந்துவிட, அழகு மிளகாயில் நிலைத்து நிற்கின்றது.

தொட்டியில் வளர்ந்த அயல்நாட்டுச் செடி

கொலம்பசு தம் முதற்பயணத்தின்போது, 1493ஆம் ஆண்டு தொடக்கத்தில், கரீபியத் தீவுகளில் மக்கள் உண்ட காரக்காயைக் குறித்து எழுதியுள்ளார். அதன்பின் நூறாண்டுகளில் அச்செடி உலகின் பல முனைகளை எட்டியது. அக்காலத்தில் அது எவ்வாறு வளர்க்கப்பட்டது என்பதை அறிய, ஒன்றற்கொன்று தொடர்பற்ற மூன்று ஊர்களின் சான்றுகள் நமக்குத் துணை நிற்கின்றன.

முதற்சான்று சுபெயின் நாட்டின் செவில் நகரைச் சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மருந்துச் சரக்குகளைப் பற்றி நிக்கோலாஸ் மொனார்டெஸ் என்னும் மருத்துவர் எழுதிய நூல் 1574ஆம் ஆண்டு முழுமையாக வெளிவந்தது. அதில் அவர், மிளகாய் நடப்படாத தோட்டமோ தொட்டியோ சுபெயினில் இல்லை என்னும் பொருள்பட எழுதி, அதற்குக் காயின் அழகையே காரணமாகக் காட்டுகின்றார். சமையலில் அதன் பயனையும் மருந்தாக அதன் குணத்தையும் அவர் கூறாமலில்லை. ஆயினும் வீடுதோறும் அது நடப்பட்டதற்குச் சுவையை அன்றி அழகை முன்வைப்பது கருதத்தக்கது.

இரண்டாம் சான்று சீன நாட்டின் ஹாங்சௌ நகரைச் சேர்ந்த காவ் லியான் என்பாருடையது. 1591ஆம் ஆண்டு வெளிவந்த அவரது வாழ்வியல் நூலே மிளகாயைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூலாக ஆய்வாளரால் கொள்ளப்படுகின்றது. புதராக வளரும் அச்செடியின் வெண்ணிறப் பூவையும், தேய்ந்த எழுதுகோலின் நுனியை ஒத்த காயின் வடிவையும், சிவந்த நிறத்தையும் அவர் விவரிக்கின்றார். கார்ப்புச் சுவையைச் சுட்டினாலும், பார்க்கத்தக்க அழகுடையது என்றும் விதையால் வளர்ப்பது என்றும் கூறி முடிக்கின்றார். இக்குறிப்பு பூச்செடிகளைப் பற்றிய பகுதியில் இடம்பெற்றிருப்பது நம் கருத்துக்கு அரண் செய்கின்றது. அவர் வழங்கும் பெயருக்கு அயல்நாட்டு மிளகு என்பது பொருள். சீனாவில் மிளகாய் அன்றாட உணவில் சேர்ந்தமைக்கான தொடக்கச் சான்றுகள், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குய்சௌ மாநிலத்து வட்டார ஏடுகளில்தான் கிடைக்கின்றன. உப்புக் கிடைக்காத மலைவாழ் மக்கள் அதற்கு மாற்றாக மிளகாயைக் கொண்டனர் என அவ்வேடு கூறுகின்றது. பூந்தோட்டத்திலிருந்து அடுக்களைக்கான பயணம் நூறாண்டுகளுக்கும் மேலாக நீண்டது என்பது இதனால் பெறப்படும்.

மூன்றாம் சான்று இலண்டன் மாநகரத்தது. ஜான் ஜெரார்டு என்பார் 1597ஆம் ஆண்டு வெளியிட்ட மூலிகை நூலில் மிளகாயை விதையிலிருந்து வளர்க்கும் முறை விளக்கப்பட்டுள்ளது. சூடு தணியாத குதிரைச் சாணப் பாத்தியில் விதைக்க வேண்டும். மூன்று நான்கு இலைகள் தோன்றியதும் தொட்டிக்கு மாற்ற வேண்டும். வெயில் படும் இடம் நோக்கித் தொட்டியை எடுத்துச் செல்ல வேண்டும் என்பன அவர் தரும் நெறிகள். இங்கிலாந்தின் குளிரில் காய்கள் நன்கு சிவக்கவில்லை என்ற குறையையும் அவர் பதிவு செய்கின்றார். ஜெரார்டின் நூல் பிறர் நூல்களைப் பெரிதும் ஒட்டியது என்னும் குற்றச்சாட்டு ஆய்வுலகில் உண்டு. எனினும் இலண்டனில் தமக்கெனத் தோட்டம் வைத்திருந்த ஒருவர், சுபெயின், இத்தாலி ஆகிய நாடுகளிலிருந்து விதை வந்ததெனக் கூறுவது விதை கைம்மாறிய வழியைக் காட்டுகின்றது.

இவ்வெழுத்துச் சான்றுகளுடன் ஓவியச் சான்றும் சேர்கின்றது. செருமானிய நாட்டின் ஐக்சுடெட் நகர ஆயரின் தோட்டத்துச் செடிகளை வரைந்து பாசிலியுஸ் பெஸ்லர் 1613ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலில், பல வடிவக் காய்களைத் தாங்கிய மிளகாய்ச் செடிகள் பூச்செடிகளுக்கு நிகராக இடம்பெற்றுள்ளன.

பெயர்கள் கூறும் வரலாறு

மிளகாயின் வழித்தடத்தை அறிவதற்கு அதன் பெயர்கள் பெருந்துணை புரிகின்றன. பட்டினப்பாலையிலும் அகநானூற்றிலும் பேசப்படும் கறி என்பது மிளகே ஆகும். முசிறித் துறையில் பொன்னைக் கொடுத்து யவனர் பெற்றுச் சென்றதும் அதுவே. சங்க நூல்களில் மிளகாய் இல்லை, இருக்கவும் இயலாது. மிளகு, காய் என்னும் இரு சொற்களின் சேர்க்கையே மிளகாய். புதிதாக வந்த காய்க்கு, அதே கார்ப்புச் சுவையுடைய பழைய பொருளின் பெயரைக் கொண்டு தமிழர் பெயரிட்டனர். கன்னடத்தில் மெணசு என்பதிலிருந்து மெணசினகாயி என்பதும், தெலுங்கில் மிரியம் என்பதையொட்டி மிரபகாய என்பதும் அவ்வாறே அமைந்தன. சுபானிய மொழியில் பிமியெந்தா என்பது மிளகையும் பிமியெந்தோ என்பது மிளகாயையும் குறிப்பது இதே மனப்பாங்கின் வெளிப்பாடாகும்.

மலையாளத்தில் மிளகாய்க்குக் கப்பல்முளகு என்றொரு பெயர் உண்டு. கப்பலில் வந்த மிளகு என்பது அதன் பொருள். 1678ஆம் ஆண்டு தொடங்கி 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் நூலில் மிளகாய்க்குத் தரப்பட்டுள்ள காப்போ மொலகோ என்ற பெயரும் இதனை ஒத்தது. இலங்கைத் தமிழரின் கொச்சிக்காய் என்னும் வழக்கு, கொச்சித் துறைமுகத்தோடு தொடர்புபடுத்தி விளக்கப்படுகின்றது.

இங்கே ஒரு முரணை நாம் காண்கின்றோம். செருமானியத் தாவர அறிஞர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் மிளகாய்ச் செடிகளை ஓவியத்துடன் விளக்கி, அதனைக் கள்ளிக்கோட்டை மிளகு எனப் பெயரிட்டார். அதாவது, மலபாரிலிருந்து அது வந்ததாக ஐரோப்பியர் எண்ணினர். கடல் கடந்து கப்பலில் வந்ததாக மலபார் மக்கள் அறிந்திருந்தனர். இவ்விரு பெயர்களில் உண்மையை உரைத்தது கற்றறிந்தோர் நூற்பெயரன்று. பொதுமக்களின் வழக்குச் சொல்லே. 1776ஆம் ஆண்டு ஜாக்குவின் என்னும் தாவரவியலார் மற்றொரு மிளகாய் இனத்திற்குச் சீனத்தது என்று பொருள்படும் சைனென்சே என்ற பெயரைச் சூட்டினார். அதுவும் அமெரிக்க இனமே. பிழையான அப்பெயர் அறிவியல் வழக்கில் இன்றும் நீடிக்கின்றது.

மலாய் மொழியிலும் இத்தகைய செய்திகள் உள. சிலி என்னும் சொல்லின் வேர் மெக்சிகோவின் நாவாத்து மொழியைச் சார்ந்தது. சாபை என்னும் சொல்லோ, மிளகுக் குடும்பத்துக் கொடியொன்றைக் குறித்த பழைய பெயர். அது வடமொழியின் சவ்யம், தமிழ் மருத்துவ வழக்கின் செவ்வியம் ஆகியவற்றோடு உறவுடையது. லாடா என்பது மிளகையும், சில வட்டார வழக்குகளில் மிளகாயையும் குறிக்கின்றது. ஒரே செடிக்கு அயற்சொல்லும் பழஞ்சொல்லும் அருகருகே வழங்குவதால், மலாய் மொழி வகுப்பிலும் தமிழ் வகுப்பிலும் இதனை ஒப்பிட்டுக் கற்பிக்க வாய்ப்புண்டு.

வணிகப் பதிவேடுகளின் மௌனம்

மிளகின் வரலாற்றை எழுதுவோர்க்குச் சான்றுகள் மிகுதி. மிளகுக்காகக் கோட்டைகள் கட்டப்பட்டன, ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. 1511ஆம் ஆண்டு போர்த்துக்கீசியரும் 1641ஆம் ஆண்டு ஒல்லாந்தரும் மலாக்காவைக் கைப்பற்றியதன் பின்னணியிலும் நறுமணப் பொருள் வணிகம் இருந்தது. ஆனால் மிளகாய்க்காகப் போர் நடந்ததாகவோ, அதன் வணிகத்திற்குத் தனியுரிமை கோரப்பட்டதாகவோ வரலாறு பேசவில்லை. போர்த்துக்கீசியர் வழியே 16ஆம் நூற்றாண்டில் அது ஆசியாவுக்கு வந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தே. ஆயினும் எந்தக் கப்பல், எந்த ஆண்டு என்பனவற்றைக் காட்டும் ஆவணம் எதுவும் கைக்கொள்ளத்தக்கதாக இல்லை.

இம்மௌனத்திற்குக் காரணம் செடியின் இயல்பிலேயே உள்ளது. மிளகுக் கொடிக்கு ஈரமும் நிழலும் பற்றிப் படரக் கொழுகொம்பும் வேண்டும். அது எல்லா நிலத்திலும் வாழாது. ஆகவே விளையும் நிலத்தைக் கைப்பற்றியவர் விலையையும் கைப்பற்ற முடிந்தது. மிளகாயோ விதையிட்ட சில திங்களிலேயே காய்க்கும். ஒரு பழத்தில் பல பத்து விதைகள் இருக்கும். தன் பூவிலேயே தான் கருவுறும் ஆற்றல் உடையதாதலின் ஒற்றைச் செடியே மறு ஆண்டுக்குப் போதும். ஒருமுறை விதை கிடைத்தவர் மறுமுறை வணிகரை நாட வேண்டியதில்லை. விற்கப்படாத பொருள் கணக்கேட்டில் ஏறுவதில்லை. ஆகவே பதிவேடுகளில் மிளகாய் இல்லாமை அதன் பரவல் குறைவைக் காட்டவில்லை. வணிகரைச் சாராமல் அது பரவிய வேகத்தையே காட்டுகின்றது.

இதனால் மிளகாயின் வரலாற்றை எழுதப் புகுவோர், கணக்கேடுகளை விடுத்துத் தோட்ட நூல்களையும் ஓவியங்களையும் வழக்குச் சொற்களையும் நாட வேண்டியவராகின்றனர். மற்றொரு கடமையும் அவர்க்கு உண்டு. திருட்டி கழிக்க உப்போடு மிளகாயைச் சுற்றிப்போடுவதும், கடை வாயிலில் எலுமிச்சையோடு மிளகாயைக் கட்டித் தொங்கவிடுவதும் தொன்றுதொட்ட வழக்கங்கள் என நாம் எண்ணுகின்றோம். அச்சடங்குகளின் அடிப்படை நம்பிக்கை பழமையானதாகலாம். ஆனால் அவற்றில் மிளகாய் ஏறிய காலம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு உட்பட்டதே. ஒரு வழக்கம் நம் பாட்டியர் காலத்தில் இருந்தது என்பதால் அது பாரியின் காலத்திலும் இருந்தது என மாணவர் கொள்ளாதவாறு காப்பது ஆசிரியர் பணியாகும்.

மீன் மிளகாய்: ஒரு விதையின் வரலாறு

வீட்டில் விதையெடுத்து வைக்கும் வழக்கத்தின் ஆற்றலை உணர்த்த, அமெரிக்க ஐக்கிய நாட்டின் மீன் மிளகாய் என்னும் வகை தக்க எடுத்துக்காட்டு. அதன் இலைகளில் பச்சையும் வெண்மையும் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும். காய்கள் முதலில் வெண்மையும் பசுங்கோடுகளும் கொண்டு, பின்னர்ச் செம்மஞ்சளாகி, முடிவில் சிவக்கும். இன்று பலர் அதனை அழகுச் செடியாகவே வளர்க்கின்றனர். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பால்டிமோர், பிலடெல்பியா வட்டாரங்களின் ஆப்பிரிக்க அமெரிக்கர் அதனைச் சமையலுக்கு வளர்த்தனர். மீனுக்கும் நண்டுக்கும் சிப்பிக்கும் செய்யும் வெண்ணிறக் குழம்பில், நிறம் மாறாமல் காரம் மட்டும் சேர்வதற்கு அதன் வெளிர்க்காய்கள் உதவின. மீன் மிளகாய் என்ற பெயரின் காரணமும் அதுவே.

20ஆம் நூற்றாண்டில் நகர வாழ்க்கை மாறியபோது அவ்வகை பெரிதும் மறைந்தது. ஹோரஸ் பிப்பின் என்னும் புகழ்பெற்ற ஆப்பிரிக்க அமெரிக்க ஓவியர் முதலாம் உலகப்போரில் கையில் காயமுற்றவர். வலி தணியத் தேனீக் கொட்டுதலை மருந்தாக நாடிய அவர், தேனீ வளர்த்த வீவர் என்பாரிடம் 1940களின் முற்பகுதியில் அரிய விதைகளைக் கைம்மாறாக அளித்தார் என்பது அக்குடும்பத்தில் வழங்கும் செய்தி. அவ்விதைகளுள் மீன் மிளகாயும் ஒன்று. வீவரின் மறைவுக்குப் பின், அவர் பேரனும் உணவு வரலாற்றறிஞருமான வில்லியம் வாய்ஸ் வீவர், பாட்டியாரின் உறைபெட்டியில் புட்டிகளில் இருந்த விதைகளைக் கண்டெடுத்தார். 1995ஆம் ஆண்டு விதை காப்போர் அமைப்பின் வாயிலாக அதனைப் பிறர்க்கும் வழங்கினார்.

இந்நிகழ்வில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. மீன் மிளகாயை உருவாக்கியவர் பெயர் எந்நூலிலும் இல்லை. அடிமைமுறையின் கொடுமையையும் அதன் பின்விளைவுகளையும் தாங்கிய ஒரு சமூகத்தின் சமையலறைச் சான்று, எழுத்தில் அன்றி விதையில் காக்கப்பட்டது. அவ்விதைகள் அன்று வெளியே வீசப்பட்டிருந்தால் அச்சான்றும் பெரிதும் அழிந்திருக்கும். எழுதப்படாத வரலாறு உடைய எச்சமூகத்திற்கும் இது பொருந்தும். தோட்டப்புறத்து வீடுகளின் பின்புறத்தில் மிளகாயும் முருங்கையும் வளர்த்த நம் முன்னோரையும் இவ்வகையில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டில் விதையிட்டு வளர்த்தல்

அழகு மிளகாய் வகைகள் இன்று தாவர வளர்ப்பியலின் துணையால் பெருகியுள்ளன. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வில் உருவாகி, 2006ஆம் ஆண்டு அனைத்து அமெரிக்கத் தேர்வுப் பரிசு பெற்ற கருமுத்து என்னும் பொருளுடைய பிளாக் பேர்ல் வகை, கருமை படர்ந்த இலைகளையும் பழுத்ததும் சிவக்கும் கருங்காய்களையும் உடையது. ஊதாவும் கருமையும் ஆன்தோசயனின் என்னும் நிறமியால் தோன்றுகின்றன. பழுக்கும்போது அதுவும் பச்சையமும் சிதைய, கரோட்டினாய்டு நிறமிகள் பெருகிச் செம்மை தோன்றுகின்றது.

இவற்றை வீட்டில் வளர்க்க விரும்புவோர்க்கு ஜெரார்டின் குதிரைச் சாணப் பாத்தி தேவையில்லை. விதை முளைப்பதற்கு உகந்த 25 முதல் 30 பாகை வெப்பம் மலேசியாவிலும் சிங்கையிலும் இயல்பாகவே உள்ளது. இங்குத் தொல்லை தருவது மழையே. நீர் தேங்கினால் நாற்றின் அடித்தண்டு அழுகும். ஆகவே மணல் கலந்த, நீர் எளிதில் வடியும் மண்ணில் அரை செண்டிமீட்டர் ஆழத்தில் விதையிட்டு, மழை நேரே படாத இடத்தில் வைப்பது நன்று. ஒன்று முதல் மூன்று வாரங்களில் முளை தோன்றும். சில இனங்கள் இன்னும் காலம் கொள்ளும். நான்கு இலைகள் வந்தபின் தனித்தொட்டிக்கு மாற்றி, நாளும் ஆறு மணி நேரமாவது வெயில் படும்படி வைக்க வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் சொல்லப்பட்ட இலைக் கணக்கும் இதுவே என்பதை ஒப்பிட்டுக் காணலாம்.

விதையெடுத்தலில் இரு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, மிளகாய் தன் மகரந்தத்தால் காய்க்குமெனினும் பூச்சிகளால் அயல்மகரந்தமும் சேரும். அருகில் வேறு வகை இருப்பின், மொட்டு நிலையிலேயே மெல்லிய துணிப்பையால் மூடிக் காயை அடையாளமிட்டு வைத்தால்தான் வகை மாறாது. இரண்டாவது, கலப்பின முதல் தலைமுறை விதையிலிருந்து வளர்ந்த செடியின் விதை, தாய்ச்செடியை ஒத்த செடியைத் தருவதில்லை. முழுதும் பழுத்த காயிலிருந்து எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, உறையிலிட்டு, வகைப்பெயரும் ஆண்டும் எழுதி, ஈரமற்ற குளிர்ந்த இடத்தில் வைத்தால் சில ஆண்டுகள் முளைப்புத்திறன் கெடாது.

அழகு மிளகாய் உண்ணத்தக்கதே. பல வகைகள் மிகுந்த காரமுடையவை. ஆயினும் கடையில் அழகுக்காக விற்கப்படும் செடிகளில் உணவுப் பயிருக்கு ஏற்பில்லாத பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், தாமே விதையிட்டு வளர்த்த செடியின் காயை உண்பதே பாதுகாப்பு. மேலும், உருவில் இதனை ஒத்த சொலானம் சூடோகாப்சிகம் என்னும் அழகுச்செடியின் பழம் நச்சுத்தன்மை உடையது. பள்ளித் தோட்டத்தில் வளர்ப்போர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. அழகு மிளகாய், உணவு மிளகாய் என்னும் பாகுபாடு செடியினுடையதன்று. அதனை வளர்த்த மக்களின் நோக்கத்தினுடையது. செவில், ஹாங்சௌ, இலண்டன் ஆகிய ஊர்களில் அது கண்ணுக்காகவும் வளர்க்கப்பட்டது. மீன் மிளகாயோ நாவுக்காக வளர்க்கப்பட்டு, பின்னர்க் கண்ணுக்கும் உரியதாயிற்று. வணிக ஆவணங்கள் பேசாத இப்பரவலை, தோட்ட நூல்களும் ஓவியங்களும் மக்கள் இட்ட பெயர்களும் பேசுகின்றன. விதையும் அத்தகைய சான்றே என்பதை மீன் மிளகாய் நமக்கு உணர்த்துகின்றது.

ஆகவே தமிழாசிரியர்களுக்கு நாம் முன்வைக்கும் பரிந்துரை எளியது. நம் முதியோர் வளர்க்கும் மிளகாய் வகைகளின் பெயர்களையும், அவ்விதை யாரிடமிருந்து எவ்வூரில் பெறப்பட்டது என்பதையும் மாணவரைக் கொண்டு கேட்டு எழுதச் செய்யலாம். இயலுமாயின் அவ்விதையில் சிலவற்றையும் பெற்று உறையிலிட்டுக் காக்கலாம். தோட்டப்புற வாழ்க்கையை நேரில் அறிந்த தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது. அவர்கள் வாய்மொழியும் அவர்கள் கைவிதையும் ஒருங்கே கிடைக்கும் இக்காலத்திலேயே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.